இணைச்சீருக்கு வந்த கோல்ட் ஃபீட்

தம்பியின் வாட்ஸ்அப் செய்தி, தை மாதம், நிச்சயம் முடிந்த மறுநாள்: “இணைச்சீருக்கு நீதான் நிக்கறே. வேற யாரு நின்னாலும் நான் மணையில உக்கார மாட்டேன்.” அதே தம்பி, வைகாசியில், கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம்: “சாரிக்கா. கோல்ட் ஃபீட்.” இரண்டையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவளை இணைத்து ஒரு சீர் செய்வார்கள். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவனிடம், மறு தலைப்பு அவளிடம். அவனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் கணவரை இழந்தவள். என்னைப் போன்றவர்கள் இருந்தால் சித்தப்பா மகளை நிறுத்திவிடுவது வழக்கம். அதை மாற்றலாம் என்று சொன்னவன் அவன்தான், நான் கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்ததைக் கேட்காமலே எடுத்துக்கொண்டான்.

செய்தி வந்தபோது இருவரும் பொள்ளாச்சியில் ஒரே மண்டபத்தில்தான் இருந்தோம். அவன் மாடியில், நான் கீழே. ஏறிப் போனேன்.

“யாருக்குடா பயந்தே?”

“பயமெல்லாம் இல்லக்கா. கொஞ்சம் நெர்வஸ். பொண்ணு ஊட்டுல ஃபீல் பண்ணுவாங்கன்னு…”

எனக்கு அந்தச் சொற்களின் மேல்தான் எரிச்சல் வந்தது. நெர்வஸ் என்றால் சளி காய்ச்சல் மாதிரி, தானாக வந்தது, யாரும் பொறுப்பில்லை. கோல்ட் ஃபீட் என்றால், கடைசி நேரத்தில் பின்வாங்குவதுகூட ஏதோ வேடிக்கை. பயந்துவிட்டேன் என்று சொன்னால் மட்டும் அடுத்த கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும்.

பெண்ணின் அம்மாவைக் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். “நாங்க ஒண்ணுஞ் சொல்லலீங்களே அம்மணி. உங்க மாமாதான் ரிஸ்க்கு வேண்டாம்னாராமா.”

மாமா சமையல்கட்டு வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தார். “எனக்கென்ன கண்ணு? அருமைக்காரர் ஒத்துக்க மாட்டாருன்னு சொன்னாங்க. எதுக்கு டென்ஷன்னு உட்டுப்போட்டேன்.”

“யாருங்க மாமா சொன்னது?”

“கூட்டத்துல யாரோ சொன்னாங்க.”

சீர்களை நடத்திவைப்பவர் அருமைக்காரர். அவரிடமே போய்க் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். “எங்கிட்ட யாருங்க கேட்டா? மாப்பிள்ளை யாரைக் கை காட்டறாரோ, அவிகளுக்குச் செய்யறேன்.”

மறுபடி மாடிக்குப் போய், அவர் சொன்னதைத் தம்பியிடம் சொன்னேன். செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இப்பப் போயி மாத்துனா ஆக்வர்டா இருக்கும்க்கா.”

இன்னொரு சொல். பட்டுச்சேலை கட்டித் தயாராக நின்ற சித்தப்பா மகளுக்கே பொறுக்கவில்லை. “சிக்கன் அவுட்டுன்னு சொல்லுடா, பயந்து ஓடறதுக்கு அதான் இங்கிலீஷு. கோழியாச்சும் கத்திப்போட்டு ஓடும். ஏனுங்க்கா, நான் போயிச் சேலையை மாத்திக்கட்டுமா?”

அவன் சிரித்தான்.

அன்று மாலை சீர் நடந்தது. தலைப்பை அவள் பிடித்துக்கொண்டாள். அவன் மணையில் உட்கார்ந்தான். மேடை ஓரத்தில் நின்ற என்னிடம் போட்டோக்காரர், “கொஞ்சம் தள்ளிக்கோங்க அக்கா, ஃபிரேம்ல வர்றீங்க” என்றார். தள்ளிக்கொண்டேன்.

அதன் பிறகு அங்கிருந்த உறவினர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். நான் நிற்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை என்கிறார்கள். அருமைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று மாமாவிடம் சொன்னவர் யார் என்பது இதுவரை உறுதியாகவில்லை; அப்படி ஒருவர் இருந்தாரா என்பதும்.