ஈரத் தலைக்குக் கட்டிய துணி

எங்கள் தீவில், செயின்ட் ஆன்ஸ் பே என்ற கடலோர ஊரிலிருந்து மலைப்பக்கம் ஏறும் சாலையில் மீன் பொரித்து விற்பவர்கள் பலர் உண்டு. ஆனால் கார்கள் வரிசைகட்டி நிற்பது என் கடை வாசலில்தான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தலையில் கூடை சுமந்து விற்கத் தொடங்கியவளுக்கு இன்று சிமெண்டுக் கடை, இரண்டு குளிர்பெட்டி, மேலே மாடி வீடு எல்லாம் இருக்கின்றன. யார் தயவும் இல்லாமல் வந்தவை. சுகாதார அதிகாரி வருகிறார் என்றால் மற்ற கடைக்காரிகள் கதவைச் சாத்துவார்கள். நான் நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொல்வேன். என் கடைச் சாக்கடையில் இலை போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஷெர்நெட்டின் கதை அந்தச் சாக்கடையில் வந்துதான் முட்டியது.

ஷெர்நெட் என் கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருப்பவள். கடற்கரையில் பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. டவல் மடிக்கும் பெண்ணாகச் சேர்ந்து, மடித்ததைச் சரிபார்க்கும் பெண்ணாக உயர்ந்தவள். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வரும் டவலை அவள் கண்ணால் பார்ப்பதில்லை, மூக்கில் வைத்துத்தான் பார்ப்பாள். ஒரு டவலில் ஈரம் தங்கினாலும் அடுக்கு முழுவதும் புளித்துப்போகும் என்பாள். அவள் வீட்டுக் கொடியில் தொங்கும் துணியைப் பார்த்தாலே எங்கள் சந்தில் மற்ற பெண்களுக்குக் கோபம் வரும். அப்படி ஒரு வெள்ளை. சுத்தம் என்று எடுத்துக்கொண்டால் எனக்கு அடுத்தபடி அவள்தான் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அவள் புருஷன் லென்னி ராஸ்தாக்காரன், முடியில் கத்தி வைக்காத மார்க்கத்தைச் சேர்ந்தவன். இடுப்புவரை சடை. வசந்தம் பிறந்ததும் ஆப்பிள் தோட்ட வேலைக்குக் கனடா போவான், அங்கே குளிர் தொடங்கும்போது திரும்புவான். அவர்களுடைய பையன் அசானிக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்து கத்தி படாத தலை. சடைகள் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சடைக்கும் பையன் பெயர் வைத்திருந்தான். நெற்றியில் விழுவதற்கு லென்னி என்று பெயர். தகப்பன் இங்கே இருக்கும் மாதங்களில் காலையிலேயே பையனை ஆற்றுக்குக் கூட்டிப்போவான். தலையைக் கழுவி, பாறையில் படுக்கவைத்து, உச்சி வெயில்வரை ஏதாவது கதை பேசிக்கொண்டிருப்பான். கனடாவுக்குப் புறப்படும்போது அவன் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். பையன் தலையில் கத்தி படக்கூடாது.

ஷெர்நெட்டுக்குச் சடை கிடையாது. ஒட்ட வெட்டிய தலை அவளுடையது. ஆனாலும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள், அதில் குறை சொல்ல முடியாது. விடியும் முன் ஹோட்டல் பேருந்து வந்துவிடும், வீடு திரும்ப இருட்டிவிடும். ஓய்வு நாள் என்பது ஹோட்டல் கொடுக்கும்போதுதான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வந்ததும் பையனை முக்காலியில் உட்காரவைத்துத் தலை கழுவுவாள். கவனிக்காமல் விட்டால் பக்கத்துச் சடைகள் வேரில் ஒன்றாகப் பிணைந்துகொள்ளும்; அதனால் ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். கற்றாழைச் சோற்றைத் தடவித் தடவி வேரிலிருந்து முறுக்குவாள். பாதியிலேயே பையன் தூங்கிச் சாய்ந்துவிடுவான். ஈரத் தலையில் இரவுப் பனி இறங்கினால் நெஞ்சில் சளி கட்டும் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆகவே ஒரு பருத்தித் துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் லென்னியின் பின்னல் தொப்பியையும் மாட்டிவிடுவாள். காலையில் அப்படியே பள்ளிக்கூடம்.

மழைக்காலம் தொடங்கியபோது பையனின் வகுப்பு ஆசிரியை மிஸ் பின்னக் அவளைச் சாலையில் நிறுத்திப் பேசினாள். நல்ல பெண், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். பையன் தலையில் ஒரு வாடை வருகிறது, மற்ற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மறுக்கிறார்கள், சரிசெய்யாவிட்டால் முடியை எடுக்கச் சொல்லித் தலைமை ஆசிரியை கேட்பார்போல் இருக்கிறது, முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன் என்றாளாம். துணி வெளுப்பில் பெயர் எடுத்தவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அன்றிலிருந்து ஷெர்நெட் வாரத்தின் நடுவிலும் ஒருமுறை கழுவத் தொடங்கினாள். சோப்பை மாற்றினாள். துணியை இன்னும் இறுக்கிக் கட்டினாள். வாடை கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள். வாடை வருவது என் மீன் தண்ணீரிலிருந்து என்று.

வெள்ளிக்கிழமை மாலை என் கடையில் கூட்டம் தெருவரை நிற்கும். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்து நின்றாள்.

"மிஸ் இசில்டா, உங்க சாக்கடை நாத்தம் சந்துக்குள்ள வந்து என் பிள்ளை தலையில ஏறுது. ஸ்கூல்ல அவனை ஒதுக்கி வைக்கிறாங்க. இதுக்கு ஒரு வழி பண்றீங்களா இல்லையா?"

நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஹோட்டல்ல ஊரான் தொடச்ச துணியெல்லாம் மோந்து மோந்து உன் மூக்கு கெட்டுப்போச்சும்மா. நல்ல டாக்டரா பாரு."

டாக்ஸி ஓட்டும் பிக்ஸுக்கு வாய் சும்மா இருக்காது. "மிஸ் இசில்டா, எனக்கு அந்த நாத்தத்துலயே ரெண்டு பொட்டலம், மிளகாய் தூக்கலா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் விறுக்கென்று திரும்பிப் போய்விட்டாள். அடுத்த வாரமே சுகாதார அதிகாரி வந்தார். புகார் வந்திருக்கிறது என்றார். நாற்காலி போட்டேன். சாக்கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், குனிந்து மோந்தார், பிறகு ஒரு சங்கரா மீனையும் மரவள்ளி அப்பத்தையும் தின்றுவிட்டுப் போனார். புகார் கொடுத்தது யார் என்று சந்துக்கே தெரியும்.

புதன்கிழமைகளில் ஆசிரியைகளுக்கு மதியச் சாப்பாட்டுக்கு மீன் எடுத்துப்போவது என் வழக்கம். அந்தப் புதன்கிழமை போனபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மதிலோரமாக அசானி தனியாக உட்கார்ந்திருந்தான். தொப்பி மடியில் இருந்தது. முகம் முழங்காலில் கவிழ்ந்திருக்க, சடைகளை முன்னால் விரித்துப்போட்டு வெயிலுக்குப் பிடரியைக் காட்டிக்கொண்டிருந்தான். தண்டனை கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"என்னடா, வெளிய நிக்க வெச்சுட்டாங்களா?"

"இல்ல மிஸ் இசில்டா. காய வைக்கிறேன்."

"எதை?"

"தலையை. மேல காஞ்சுடுது. உள்ள காயறதுக்குள்ள மணி அடிச்சிடறாங்க."

பக்கத்தில் உட்கார்ந்து பிடரிச் சடைகளைப் பிரித்து விரலை விட்டேன். வெதுவெதுவென்று ஈரம். மீன் வாடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மீன் வாடை எனக்குத் தெரியாதா? இது ஈரத்தோடு சுருட்டி மூலையில் போட்ட துணியின் வாடை. அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அம்மா என் தலையைப் பிடிச்சுக்கிட்டே நின்னு தூங்கறாங்க" என்றான். பிறகு, "சொல்லிடாதீங்க. வெட்டிடுவாங்க" என்றான்.

எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்கப்போவதில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. வரும் வெள்ளிக்கிழமை, பிக்ஸும் கூட்டமும் நிற்கும்போது அவளை எப்படி மடக்குவது என்று வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டே வந்தேன். வெள்ளிவரை பொறுக்க முடியவில்லை. அன்று மாலை அவள் பேருந்திலிருந்து இறங்கியதுமே அவள் வீட்டுக்கு நடந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

பையன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் மறுபடியும் தலை கழுவக் குவளையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

"அந்தத் தண்ணியை ஊத்தாதே" என்றேன். "ஹோட்டல் டவலை மோந்து பாப்பியே, அது மாதிரி உன் பிள்ளை தலையை ஒருதரம் மோந்து பாரு. மேலாப்பல இல்ல. பிடரியில, பிரிச்சு."

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சடைகளைப் பிரித்தாள், குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

"மடிச்ச ஈரம்" என்றாள்.

காயாமல் மடித்த துணியில் வரும் வாடைக்கு அவர்கள் வேலையில் அப்படித்தான் பெயர். அந்த வாரம்தான் அதற்காகப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தியை எல்லாருக்கும் முன்னால் நிற்கவைத்து, ஒரு வண்டி டவலையும் மறுபடி துவைக்கச் சொன்னாளாம். மூக்கு இல்லையா உனக்கு என்று கேட்டாளாம். இதை என்னிடம் சொல்லவில்லை. பையனின் பிடரியைப் பார்த்துச் சொன்னாள். கொடியில் அவளுடைய உடுப்புகள் வெள்ளைவெளேரென்று ஆடிக்கொண்டிருந்தன.

பிறகு உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். பையன் அழவில்லை. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான்.

"அப்பா வரட்டும்மா."

"அப்பா வந்து இந்த வாடையை மோக்கணுமா? பேன் வந்துச்சு, எடுத்துட்டேன்னு சொல்லிக்கலாம். கையை எடு."

நான் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் அப்போதுதான் உதவின. "கத்தரியைக் கீழ வை, ஷெர்நெட். பழியை முதல்ல என் சாக்கடை மேல போட்ட. இப்ப பேன் மேல போடப்போறியா?"

கத்தரி முக்காலியின் காலடியில் விழுந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைக் கையால்கூட மூடவில்லை, அப்படியே இருந்தாள். பகலில் காயவைக்க வேண்டும், ஆனால் பகல் வெளிச்சத்தில் தான் வீட்டில் இருப்பதே இல்லையே என்றாள். எங்கள் சந்தில் பகல் முழுவதும் இருக்கிற ஆள் நான் ஒருத்திதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானாக வாயைத் திறக்கவில்லை. சுகாதார அதிகாரியை என் வாசலுக்குக் கூட்டிவந்தவள் அவள். கேட்கட்டும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தாள். இந்தமுறை கூட்டத்தைப் பிளக்கவில்லை. வரிசையின் கடைசியில் நின்று, தன் முறை வரும்வரை காத்திருந்தாள். பிக்ஸ் அவளைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வாடை எப்படி என்று கேட்டான்.

"வாடை இங்க இல்ல" என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "என் வீட்டுல. என் பிள்ளை தலையில. நான்தான் ஈரத்தோட கட்டி வெச்சேன். மிஸ் இசில்டா மேல பழி போட்டது தப்பு."

பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. சனிக்கிழமை விடியும் முன்னே தலை கழுவி விட்டுப்போனால், வெயில் இறங்கும்வரை பையன் என் கடை வாசலில் உட்காரலாமா என்று கேட்டாள். நான் மீனைத் திருப்பிப் போட்டேன். திருப்ப வேண்டிய பதத்தில் அது இல்லை. அவளை நிற்கவைக்கத்தான் திருப்பினேன். பிறகு, கூட்டத்துக்கு ஒரு வேடிக்கையாக இருக்கட்டும் என்று, "என் வாசல்ல உக்காந்தா தலையில மீன் வாடை ஏறுமேம்மா" என்றேன்.

சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அது தனக்குச் சேரவேண்டியதுதான் என்பதுபோலத் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகு எனக்கு என் வேடிக்கை ருசிக்கவில்லை. "அனுப்பு" என்றேன்.

இப்போது சனிக்கிழமைகளில் அசானி என் வாசலில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறான். முதல் சில வாரம் காடித் தண்ணீரில் அலசச் சொன்னேன், வாடை போய்விட்டது. வாடிக்கையாளர்களுக்குச் சடைகளின் பெயரைச் சொல்வான். பிடரியில் இருக்கும் தடித்த சடைக்குப் புதிதாக இசில்டா என்று பெயர் வைத்திருக்கிறான். தடித்தது என்பதால் அல்லவாம், கடைசியாகக் காய்வதாலாம். வகுப்பில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காருகிறான். முடியை எடுப்பது பற்றிப் பள்ளியில் யாரும் பேசவில்லை.

லென்னி தொலைபேசியில் கூப்பிட்டபோது நடந்ததை ஷெர்நெட்டே சொன்னாள். என் கடைக்குள் நின்றுதான் பேசினாள். அவன் என்ன சொன்னான் என்று தெரியாது. அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்; கையால் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் பேருந்திலிருந்து இறங்கியதும் நேரே பையனிடம் வருவாள். பிடரியைப் பிரித்து மூக்கை வைத்துப் பார்ப்பாள், அத்தனைபேர் பார்க்க. அதன் பிறகுதான் தொப்பியை மாட்டுவாள். எனக்கு நன்றி சொல்லும்போது அவள் பார்வை என் கைகளுக்கு மேல் ஏறுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வழிபாடு முடிந்து தேவாலயத்திலிருந்து திரும்பியபோது என் சாக்கடை தேய்த்துக் கழுவப்பட்டிருந்தது. கடையிலிருந்து சாலை ஓரம்வரை, ஹோட்டலில் போடும் வெளுப்பு மருந்தின் மணம். அங்கே தேய்க்க ஒன்றும் இல்லை. அதிகாரியே பார்த்துவிட்டுப் போன சாக்கடை அது. இனிமேல் இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட எண்ணி, அடுத்த ஞாயிறு வழிபாட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். ஜன்னலைத் திறந்தபோது அவள் கீழே முழங்காலிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்திவிட்டு, அவள் முடித்துப் போகும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.