கை ஓய்ந்தபோது எழுந்த பட்டம்

நாவலூர் அலுவலகத்தில் வாரம் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடலில் கைட் சர்ஃபிங் போவேன். பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று சறுக்கும் விளையாட்டு அது. அன்று கரையை விட்டு வெகுதூரம் போன பிறகு காற்று தணிந்துவிட்டது. பட்டம் விழுந்தால் நீந்தித்தான் திரும்ப வேண்டும். பயத்தில், பட்டத்தின் கயிறுகள் பூட்டிய கைப்பிடியை நெஞ்சோடு இழுத்தேன். இழுக்க இழுக்கப் பட்டம் பின்னால் சரிந்தது.

தன் பட்டத்தோடு பக்கத்தில் வந்த நண்பன் கத்தினான்: "மச்சான், இன்னாத்துக்கு இழுத்துகினே கீற? லூசா வுடுடா, அதுவே எழுந்துக்கும்!"

விட மனம் வரவில்லை. ஆனால் தோள் வலியில் கை தானாகத் தளர்ந்தது. கைப்பிடி நெஞ்சைவிட்டு ஒரு முழம் விலகியதும் பட்டம் நிமிர்ந்து காற்றைப் பிடித்தது.

கரையேறி மணலில் படுத்தேன். பையில் கைபேசி அடித்தது. அலுவலகம்தான். அது பாட்டுக்கு அடிக்கட்டும் என்று முதல் முறையாக எடுக்காமல் கிடந்தேன்.