வாசல் விளக்குக்கு மோட்டார் கேபிள்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால்காரர் பால் ஊற்றும்போது நான் பாத்திரத்தைப் பார்க்க மாட்டேன், அவர் முகத்தைப் பார்ப்பேன். "பொண்ணு பாக்க வந்த எடத்துலயே விளக்கக் கிட்ட கொண்டாரச் சொன்ன ஆளுதானே நீங்க" என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். உண்மைதான், சொன்னேன்.

நெரவியில் எங்கள் வீடு தெருவிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுக்கும் இரும்புக் கேட்டுக்கும் நடுவே தென்னையும் வாழையுமாக அறுபதடி. விடிவதற்கு முன்னால் மனைவி வாளியும் கோலப்பொடி டப்பாவுமாக அந்த அறுபதடியைக் கடந்து போய், கேட்டுக்கு வெளியே வாசல் தெளித்துக் கோலம் போடுவாள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு இருட்டில் அவளுக்குப் புள்ளி தப்ப ஆரம்பித்தது. கேட் பக்கத்தில் ஒரு விளக்கு வேண்டும் என்றாள். ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த எனக்கு அது ஒரு பெரிய உத்தியோகமாக வாய்த்தது.

வீட்டுக்கு வயரிங் செய்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். திருவேட்டக்குடிக்காரர். உப்புக் காற்று தின்ற வயர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். அறுபதடியையும் நடந்து பார்த்துவிட்டு, காலால் மண்ணைக் கிளறினார்.

"மண்ணுக்குள்ள போறதுன்னா ஆர்மர்டு கேபிள்தான் சார் போடணும். மூணு கோர், அதுல ஒண்ணு எர்த்துக்கு. ரெண்டரை அடி தோண்டி, மணலப் போட்டு, மேல செங்கல் அடுக்கிடுவோம். நடுவுல ஜாயிண்ட்டே இருக்கக் கூடாது."

வயருக்கு மேல் இரும்புக் கம்பி சுற்றி, அதற்கும் மேல் ஒரு உறை போட்டதுதான் ஆர்மர்டு என்று விளக்கினார். ஒற்றை பல்புக்கு இரும்புக் கவசமா? எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று கேட்டேன். "எங்க வேணாலும் வாங்குங்க சார்" என்றார். அங்கேதான் என் சந்தேகம் உறுதியானது. ஒரு கடையைச் சொல்லாதவருக்கு எல்லாக் கடையிலும் கமிஷன் இருக்கும்.

காரைக்காலில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் பாயிடம், யார் சொன்னது என்று காட்டிக்கொள்ளாமல் விசாரித்தேன். "மண்ணுக்குள்ளயா? ஆர்மர்டு எடுத்துக்குங்க" என்றார். சரி, இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் குடிப்பவர்கள். பஸ் ஏறிப் பூவம் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கடை ஒன்றுக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே அதையே சொன்னாள். மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னால் அது உண்மையாக இருக்கும் என்று மற்றவர்களுக்குத் தோன்றும். இந்த ஆளின் கை எல்லை தாண்டியும் நீண்டிருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

வயலில் போர் மோட்டார் மாற்றியபோது வெளியே எடுத்த கேபிள் பரணில் சுருண்டு கிடந்தது. பட்டையான கறுப்புக் கேபிள், பல வருஷம் தண்ணீருக்குள்ளேயே தொங்கியது. தண்ணீரில் கெடாதது மண்ணிலா கெட்டுவிடும்? எங்கள் பக்கத்தில் வயல் வைத்திருக்கிற யாராக இருந்தாலும் இப்படிக் கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துவிடுவார்கள். நானும் எடுத்தேன். ஒரு அடிதான் தோண்டினேன். இரண்டு துண்டாக இருந்ததை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினேன். உள்ளே மூன்று கம்பி இருந்தும் இரண்டைத்தான் இணைத்தேன். விளக்கு எரிய இரண்டு போதும், மூன்றாவதை எதற்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா என்ன.

விளக்கு ஜோராக எரிந்தது. தினமும் விடியலில் நானே எழுந்து சுவிட்சைப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன்.

ஐப்பசி மழை பிடித்தது. விளக்கைப் போட்டால் மீட்டர் பலகையில் இருந்த டிரிப் சுவிட்ச் டப்பென்று விழுந்து வீடே இருண்டது. எங்கேயாவது கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் என்று சொல்லி எலெக்ட்ரீஷியன் மாட்டிவிட்டுப் போனது அது. அவர் மாட்டியது என்பதே எனக்குப் போதுமான சாட்சி. அடிக்கடி விழுந்தால்தானே அடிக்கடி கூப்பிடுவோம்! நான் கூப்பிடவில்லை. வாசல் விளக்கை மட்டும் அந்த சுவிட்சுக்குள் வராமல் தனியாக இழுத்துக் கொடுத்தேன். பிறகு ஒரு நாளும் விழவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"ஏங்க, கேட்டத் தொட்டா சுர்ருங்குதுங்க" என்றாள் மனைவி.

"ஈரக் கையி. குளுருல மரத்துப்போயிருக்கும்" என்றேன். ரப்பர் செருப்போடு போய்க் கேட்டைப் பிடித்தும் காட்டினேன். ஒன்றுமே இல்லை. அவள் திரும்பச் சொல்லவில்லை.

மார்கழியில் ஒரு நாள் சுவிட்சைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மனைவி என்னுடைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷத்தில் அவள் செருப்புக் காலோடு வாசல் தெளித்ததில்லை, லட்சுமி வருகிற இடம் என்பாள். போதாததற்கு, உள்ளே வரும்போது கேட்டைக் கையால் தொடாமல் ஒரு மூங்கில் குச்சியால் தள்ளினாள். எவனோ ஜோசியன் புகுந்துவிட்டான் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தா இத?"

"எலெக்ட்ரீஷியன் தம்பிதான். போன் போட்டுக் கேட்டேன். லைட்டே போடாதீங்கன்னாரு. நான் அணைச்சு வச்சாலும் நீங்க வந்து போட்டுட்டுப் போயிடுறீங்க. அப்ப செருப்பாவது போட்டுக்குங்க, கேட்டத் தொடாதீங்கன்னாரு. வரேன்னும் சொன்னாரு, நான்தான் வேணான்னுட்டேன். வந்தா அவர நீங்க வாசல்லயே வச்சு என்ன பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே."

ஓடிப்போய் விளக்கை அணைத்தேன். பொழுது விடிந்ததும் நானே எலெக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன்.

அவர் வந்து ஒரு கேள்வியும் கேட்காமல் தோண்டினார். கேட்டின் இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் பெருச்சாளி வளை. அங்கே கேபிளின் உறை முழுக்கக் கடிபட்டுச் செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது. கம்பிக்கும் தூணுக்கும் நடுவே இருந்த சேற்றை விரல் வைத்து அளந்தார். இரண்டு விரற்கடை.

"போர் குழாய்க்குள்ள பெருச்சாளி கெடையாது சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மனைவி பக்கத்தில் நின்று அந்த இரண்டு விரலைப் பார்த்தாள். நான் அப்படியே வாழையடியில் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் ஒருவரையும் விடாமல் சந்தேகப்பட்டவன், என் கையால் புதைத்ததை மட்டும் சந்தேகப்படவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா இல்லை.

ஆர்மர்டு கேபிள் வந்தது. ரெண்டரை அடிப் பள்ளம், மணல், செங்கல், எர்த், எல்லாம் அவர் முதலில் சொன்னபடியே. வாசல் விளக்கும் டிரிப் சுவிட்சுக்குள் திரும்பியது. வேலை நடந்த இரண்டு நாளும் நான் பக்கத்திலேயே நின்று செங்கல் எண்ணினேன். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

மறுநாள் விடியலில் மனைவியோடு நானும் கேட்டுக்குப் போனேன். அவள் காலில் என் செருப்பு.

"அதான் எல்லாம் சரியாயிட்டே. கழட்டிடு" என்றேன்.

எரிந்துகொண்டிருந்த விளக்கை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பால்காரரை நான் பார்க்கிற அதே பார்வை.

"நீங்க மொதல்ல தொடுங்க. வெறுங்காலோட."

அவள் தெளித்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்தேன். எலெக்ட்ரீஷியன் சோதித்துக் காட்டியதுதான், இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க. கோலம் முடியட்டும்."

அன்றைக்கென்று பார்த்து இருபத்தோரு புள்ளிச் சிக்குக் கோலம். இரும்பு பனியில் சில்லிட்டிருந்தது. நான் கையை எடுக்கவில்லை. கடைசி இழையையும் சேர்த்து முடித்த பிறகுதான் அவள் செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள்.