மாலையில் ஆஜர் எடுத்த டீச்சர்

ரங்கநாயகி டீச்சர் காலமான செய்தியை எனக்கு யாரும் முறையாகச் சொல்லி அனுப்பவில்லை. அனுப்பியிருக்க வேண்டும். எங்களிடம் படித்து, இப்போது பஸ் கண்டக்டராக இருக்கும் காதர்தான் வேலைக்குப் போகிற வழியில் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "சார், நம்ம டீச்சர் மவுத்தாயிட்டாங்க. நேத்தே எல்லாம் முடிஞ்சிடுச்சாம்" என்றான்.

உறையூரில் ஒரு நகராட்சிப் பள்ளியில் நான் அட்டெண்டராக இருந்தேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. கணக்கை நானே புத்தகம் பார்த்துக் கற்றேன். இரண்டு மூன்று முறை பெயிலான பிள்ளைகளுக்கென்று டீச்சர் பின்பக்கக் கொட்டகையில் தனி வகுப்புத் தொடங்கியபோது, கணக்குச் சொல்லித்தர என்னைக் கூப்பிட்டார். மற்ற வாத்தியார்கள் முகம் சுளித்தார்கள். "கணக்கு புரியாம முழிச்ச கஷ்டம் அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தார்.

அந்த வகுப்பில் மாலையில்தான் ஆஜர் எடுப்போம். செல்லம்மா என்ற பிள்ளை தன் வீட்டுத் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துவிட்டுப் பதினொரு மணிக்குத்தான் வருவாள். காதரும் அவன் வாப்பாவின் கடையைத் திறந்துவைத்துவிட்டு வருவான். "வந்த புள்ளைய வரலைன்னு எழுதவா நமக்குப் பேனா குடுத்திருக்காங்க?" என்பார் டீச்சர்.

ஒருநாள் காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுபோய், ஸ்ரீரங்கத்திலிருந்து அவர் வரத் தாமதமானது. அன்று பார்த்துக் கல்வி அதிகாரி வந்துவிட்டார். ஆஜர் பட்டியலில் அன்றைய இடம் காலியாக இருந்தது.

"எதிர்ல இத்தனை புள்ளைங்க. புத்தகத்துல ஒண்ணையும் காணோமே? இப்பவே போடுய்யா."

"சாயந்தரந்தாங்க போடுவோம். இன்னும் ரெண்டு புள்ளைங்க வரணும்."

அதிகாரி மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அதே பதிலைச் சொன்னேன்.

பின்னால் வந்து சேர்ந்த டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நானா இருந்தா அப்பவே போட்டுட்டு, அந்த ரெண்டு பேரை அப்புறம் சேர்த்திருப்பேனே!" என்றார். அவருடைய முறையை அவரைவிட இறுக்கமாக நான் பிடித்திருந்தேன்.

வகுப்பைக் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நான் மன்னிப்புக் கேட்டால் அதிகாரி மனம் மாறலாம் என்றார்கள். டீச்சரே கடிதத்தை எழுதிக்கொண்டு வந்தார்.

"ஒரு கையெழுத்துதாங்க."

"செய்யாத தப்புக்கா?"

"படிச்சது மூணாங்கிளாஸ். பிடிவாதத்துல மட்டும் எம்.ஏ." அவர் சிரிக்கவில்லை. "இந்தப் புள்ளைங்களுக்காகப் போடுங்க."

நான் போடவில்லை. கொட்டகையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கினார்கள். காதர் எப்படியோ பழைய வகுப்பில் ஒட்டிக்கொண்டான். செல்லம்மா பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வகுப்பை மூடியது நான்தான் என்று இன்றும் பேசுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த உத்தரவை எழுதியது என் கை அல்ல.

அதன்பின் பல வருடங்கள் டீச்சரோடு நான் பேசவில்லை. போன வருடம் மெயின்கார்டுகேட் பஸ் நிறுத்தத்தில் அவரே என் அருகில் வந்தார்.

"கோபம் இன்னும் இருக்கா சார்?"

"இருக்கு."

"அப்ப நல்லாத்தான் இருக்கீங்க" என்று சிரித்தார். அவருடைய பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தபின் ஜன்னல் வழியாக, "ஒருநாள் வீட்டுக்கு வாங்க. கோபத்தையும் கூட்டிக்கிட்டே வாங்க" என்றார்.

அவரை அறிந்தவர்களே, கையெழுத்துப் போடாததற்கு நான் வருந்தவில்லை. ஆனால், அதற்குப் பிறகு எத்தனையோ ஸ்ரீரங்கம் பஸ்கள் என் முன்னால் நின்று புறப்பட்டன. ஒன்றிலும் நான் ஏறவில்லை. டீச்சர் எனக்கென்று விட்டுப்போனது அந்த அழைப்பு ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு இருக்கிறேன்.