முழு சார்ஜில் இறங்கிய வண்டி

புது விதிமுறைகளோடு கார் பந்தய சீசன் தொடங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருக்கும் என் பேக்கரியில் வியாபாரம் நடக்கவில்லை, சண்டைதான் நடந்தது. ஜீப் ஸ்டாண்டு டிரைவர்களில் பாதிப் பேர் உள்ளே இருந்தார்கள். டிவியைப் போட்டது நான்தான். பன் விற்கிறவளுக்கு ரேஸ் எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி ஓய்ந்துவிட்டேன். டிரைவருக்கு வாக்கப்பட்டவள் நான். அவரோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்து, இப்போது அவரைவிட எனக்குத்தான் பைத்தியம் அதிகம்.

அன்று அவர் கடையில் இல்லை. பந்தயம் தொடங்குகிற நேரத்தில்தான், விடுதியில் தங்கியிருந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சேலம் ரயில் நிலையத்துக்குக் கிளம்பினார். ஜீப்பை விற்றுவிட்டு வாங்கிய எலக்ட்ரிக் கார். அதில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறைந்து, அந்த வேகமே சார்ஜாகப் பேட்டரிக்குள் போய்ச் சேரும். "பிரேக்கத் தொடாமயே மலை எறங்கறேன்" என்று வாங்கின நாளிலிருந்து ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் பந்தயக் கார்களிலும் ஏறக்குறைய அதே கதைதான். வலுவில் பாதி பேட்டரியிலிருந்து வருகிறது. அதனால் சார்ஜ் சேர்ப்பதற்காக, வளைவு வருவதற்கு முன்பே, நேர் ரோட்டிலேயே காலை எடுக்கிறார்கள். அதைப் பார்த்ததும் ஜீப் ஸ்டாண்டிலேயே பெரிய வாய்க்காரத் தம்பி எகிறினார்.

"இது ரேஸுங்களாக்கா? நேர் ரோட்டுல காலெடுக்கறவனெல்லாம் ஒரு டிரைவரா?"

"அதுவும் ஒரு தெறமைதானுங்க தம்பி. எங்க சேக்கோணும், எங்க செலவு பண்ணோணும்னு தெரியோணுமில்ல?" என்றார் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். புது விதிகளை எல்லாம் செல்போனில் படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

டிவியில் ஒருவன் முந்தினால், பின்தங்கினவன் அடுத்த வளைவுக்குள்ளேயே அவனைத் திரும்ப முந்தினான். ஒரு பக்கம் விசில் பறந்தது. இன்னொரு பக்கம், "பேட்டரி தீந்தவன முந்தறது ஒரு வீரமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கும் இரண்டு மனசுதான். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

தம்பி விடவில்லை. "எதுக்குங்க இந்தப் பிச்சை? மொதல்லயே பேட்டரிய முழுசா ரொப்பிக்கிட்டு வரலாமில்ல?"

"முழுசா ரொம்பியிருந்தா அப்பறம் சேக்கறதுக்கு எடம் ஏதுங்க? காலெடுத்தாலும் வண்டிய இழுத்துப் பிடிக்காது. எல்லாப் பாரமும் பிரேக்கு மேல வந்து உக்காந்துக்கும்" என்றார் ரைட்டர்.

டீ கிளாஸை நீட்டிய என் கை அப்படியே நின்றது.

மலையில் வண்டி ஓட்டுகிறவர் யாரும் டேங்க் நிரப்பாமல் வாடகைக்குக் கிளம்புவதில்லை. வழியில் நின்றால் யாரும் கிடைக்கமாட்டார்கள் என்ற பயம், பழக்கமாகவே ஊறிவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் அதே பழக்கம். இதுவரை சேலத்தில் சார்ஜ் போட்டுவிட்டு ஏறி வருவார். மேலே வந்து சேரும்போதே பேட்டரியில் பாதிதான் இருக்கும். இந்த வாரம்தான் வீட்டிலேயே சார்ஜ் பாயிண்ட் வைத்தோம். அன்று காலை, "முழுசா ஏறிப்போச்சு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். இறங்குவது முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள்.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டேன், அதேதான். அந்தக் குரல்காரி மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் டிவியை விட்டு எழுந்துவிட்டார்கள். "மேல ஏறி வர்றவங்களுக்குப் போடுங்கப்பா" என்றார் தம்பி. எந்த வளைவில் டவர் கிடைக்கும் என்று அவர்களுக்கு அத்துப்படி. ஆளுக்கொரு போனில் கத்தினார்கள். "வெள்ளக் காரு, நம்ம பேக்கரிக்காரரு. எதுக்க வந்தா கையக் காட்டி நிறுத்துங்க." ஏறி வருகிறவர்களில் ஒரே ஒரு டிரைவர்தான் போனை எடுத்தார். அந்த ஆளும் இன்னும் அடிவாரத்தைத் தாண்டவில்லை.

"ஏறுங்கக்கா" என்று தம்பி ஜீப்பைக் கிளப்பினார். நேர் ரோட்டில் காலெடுக்கிறவன் டிரைவரா என்று கேட்ட அதே ஆள், இரண்டாவது கியரில் உறுமவிட்டு அவ்வளவு நிதானமாக இறக்கினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவர் முழுசாக இருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தேன். சேர்வராயனை நினைத்துக் கும்பிட்டேன். ஒரு வளைவு தாண்டியதும் கருகின நாற்றம் மூக்கில் ஏறியது. தம்பி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

அடுத்த திருப்பத்தில், மலைப் பக்கத்து மண்மேட்டில் ஒட்டி நின்றது கார். இடது பக்கம் முழுக்கத் தேய்ந்து கிடந்தது. சக்கரத்திலிருந்து புகை வந்தது. அந்தக் குடும்பம் ரோட்டோரம் நின்றிருந்தது. அம்மாக்காரியின் தோளில் ஒரு குழந்தை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஓடிப்போய் அவர் தோளிலேயே ஓங்கி அடித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அடித்தது அன்றுதான், அதுவும் ரோட்டில் வைத்து. அவர் தடுக்கவில்லை. "காலெடுத்தேன் புள்ள. வண்டி நிக்கவே இல்ல, மேட்டுல ஒரசித்தான் நிறுத்துனேன்" என்று மட்டும் சொன்னார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் தம்பி அவர்களைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். சக்கரம் ஆறி, பிரேக் மறுபடி பிடிக்கும்வரை காத்திருந்து, நாங்கள் அந்த அடிபட்ட காரிலேயே மேலே திரும்பினோம். வழியெல்லாம் சார்ஜ் குறைவதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பேக்கரி வாசலில் நின்றபோது பந்தயம் முடிந்திருந்தது. அவர் வந்து சேர்ந்துவிட்டார் என்று தெரிந்ததும் உள்ளே மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். புது விதி நல்லதா கெட்டதா என்று ரைட்டரைச் சுற்றி ஒரே கத்தல். வண்டியை அணைத்த பிறகும் அவர் இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"எறங்குங்க" என்றேன்.

"பிரேக்க மிதிக்க மிதிக்க உள்ள போயிட்டே இருந்துது கண்ணு" என்றார். "கண்ணாடில பாத்தேன். அந்தக் கொழந்த நல்லாத் தூங்கிட்டிருந்துது."

நான் அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.