ஒரு துளிப் பசை

ஆய்வுக்கூடத்தில் ‘முசுடு’ என்றே அறியப்பட்டவர், 1948–2019. கடுங்குளிரில் தடையே இன்றி மின்சாரத்தைக் கடத்தும் மீகடத்திப் படிகங்களை வளர்ப்பது அவர் தொழில். உடன் பணியாற்றியவர்களில் அவரை விரும்பியவர் எவரும் இலர், நானும் விதிவிலக்கல்லன்.

காந்தக் கூடத்தின் பொறுப்பாளர் அவருடைய சகலை. மனைவியின் தங்கை கணவர். எவ்வளவு வலிய காந்தப்புலத்தில் படிகம் மீகடத்தும் இயல்பை இழக்கிறது என்று அளக்க வேண்டுமானால், இவர் படிகம் அவர் காந்தத்துக்குள் போயே ஆக வேண்டும். இருவருக்கும் அது எட்டிக்காயாகக் கசந்தது.

2003ஆம் ஆண்டில் பழுதின்றி வளர்ந்த படிகம் ஒன்றே ஒன்று. அதை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை அளவைத் தண்டின் நுனியில் தாமே ஒட்டிக் கொண்டுவந்தார் முசுடு.

“சகலை, பசை பத்தாது. புலம் ஏறினா படிகம் முறுக்கிட்டுத் திரும்பப் பார்க்கும். இன்னும் ஒரு துளி வைங்க,” என்றார் காந்தக் கூடத்துச் சகலை.

“பசை கூடினா குளிர்ல இறுகி, படிகத்தை நெரிக்கும். மாமனார் வீட்டுலதான் நாட்டாமை பண்றே, இங்கேயுமா? பொத்தானை அமுக்கு.”

“அமுக்குறேன். அப்புறம் என் தலையைப் போட்டு உருட்டக்கூடாது.”

காந்தம் ஒருமுறை உறுமி ஓய்ந்தது. திரையில் ஏறிய கோடு பாதியில் அறுந்து நின்றது. தண்டை வெளியே எடுத்தபோது, நுனியில் கரிய பொடி மட்டுமே இருந்தது.

“வேணும்னே புலத்தை ஏத்திட்டே,” என்றார் முசுடு. முன்பே பேசிவைத்த அளவைப் புலம் எட்டவே இல்லை என்பது திரையில் தெரிந்தது. அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அதன்பின் இரு வீடுகளுக்கும் பேச்சு நின்றது. அக்காளும் தங்கையும் கடைத்தெருவில் ஒளிந்து சந்தித்தார்கள்.

“ஒரு சொட்டுப் பசைக்காகவா ரெண்டு குடும்பம் முறைச்சுக்கிட்டு நிக்குது?” என்று முசுடின் மனைவி கேட்டார்.

“உன் தங்கச்சி புருஷன் நல்லா ஒட்டுவான். அவனையே கூப்பிட்டு ஒட்டவை.”

எஞ்சிய பாதியைக் காந்தக் கூடத்திடம் ஒப்படைக்குமாறு இயக்குநர் உத்தரவிட்டார். சகலையே படிகம் வளர்க்கும் உலை அறைக்கு வந்தார்.

“அதைக் குடுங்க, நானே ஒட்டிக்கிறேன். கட்டுரையில உங்க பேருதான் முதல்ல வரும்.”

அடுத்த படிகத்துக்கான கலவை உலையில் உருகிக்கொண்டிருந்தது. முசுடு பெட்டியிலிருந்த பாதியை இடுக்கியால் எடுத்தார். உலைக் கதவைத் திறந்து உள்ளே போட்டார்.

“இப்ப ஒட்டு.”

அன்றிலிருந்து ஓய்வுபெறும் வரை அவரிடம் எவரும் உலையை ஒப்படைக்கவில்லை. அப்படி ஒரு படிகம் அங்கே மறுபடி வளரவும் இல்லை. அவர் கடைசியாக உலைக் கதவைத் திறந்தது 2003ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள்.