பிடி என்றால் விடு

ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் என் அண்ணன் செல்போன் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து தொரப்பள்ளியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அங்கே ஒரு டீ குடித்துவிட்டுப் போவது என் வழக்கம். டீயோடு என் வேலையைப் பற்றி ஒரு கிண்டலும் கிடைக்கும். செல்போன் கண்ணாடியைச் சுற்றி ஓடுகிறதே, அந்த உலோகச் சட்டத்தை மெருகேற்றி அனுப்பும் ஒரு சின்ன தொழிற்சாலையில் நான் லைன் லீடர். எந்த ஊரில் யாரைக் கேட்டாலும் பெயர் சொல்லக்கூடிய ஒரு பெரிய போன் கம்பெனிக்கு அந்தச் சட்டம் போகிறது. பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் என் வேலை போய்விடும்.

"நாலு வருசமா ஒரே போனுதான் தங்கச்சி," என்றார் அண்ணன், போன வருடம் ஒரு ஞாயிறன்று. "கேமராவ இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு நவுத்திட்டு, புதுசுன்னு சொல்லிக்கினு இருக்காங்க. வர்றவங்க கையில எடுத்துப் பாக்குறாங்க, பழசே போதும்னு வெச்சுட்டுப் போறாங்க. உங்க கம்பெனிக்குச் சரக்கு தீந்துபோச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். நானும் மனசுக்குள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் கோபம் வந்தது. பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டேன்.

விற்பனை இறங்கியதை எங்களுக்கு முதலில் சொன்னது கம்பெனி பஸ். நாலு பஸ் நின்ற இடத்தில் இரண்டு நின்றது. அடுத்த வாரமே காலை ஷிஃப்ட்டையும் மதிய ஷிஃப்ட்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். காலையில் வந்துகொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண்கள். குருபரப்பள்ளியில் ஹாஸ்டலில் தங்கியிருந்தார்கள். மதியம் வந்தவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல்லிலிருந்து வரும் கன்னடத்துப் பெண்கள். அதுவரை ஒருவரை ஒருவர் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தார்கள். இப்போது காலை ஷிஃப்ட்காரர்கள் கொடுக்க, மதிய ஷிஃப்ட்காரர்கள் வாங்க, எதிரெதிரே நின்று வேலை செய்தார்கள்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மெருகு இயந்திரத்திலிருந்து சட்டம் வந்ததும் ஒருத்தி அதைத் துடைத்து எதிரே நிற்பவளிடம் கொடுப்பாள். அவள் விளக்கடியில் திருப்பிப் பார்த்துத் தட்டில் வைப்பாள். பெல்ட்டில் விட்டால் தடம் விழும் என்பதால் கைக்குக் கைதான். வாங்குகிறவள் சரியாகப் பிடித்தபிறகுதான் கொடுக்கிறவள் விட வேண்டும். தூசு புகாத சுத்த அறையில் முகமூடியும் தொப்பியும் கையுறையும் போட்டு நிற்கிற எங்களுக்கு முகக்குறிப்பு கிடையாது. பிடித்ததும் வாங்குகிறவள் வாயால் ஒரு வார்த்தை சொல்வாள், சட்டம் கைமாறும்.

ஷிஃப்ட் ஒன்றான கையோடு புது மாடல் வந்தது. அண்ணன் பார்த்திருந்தால் இதுவும் அதே போன்தான் என்றிருப்பார். கையில் எடுத்த எங்களுக்குத்தான் தெரியும். சட்டம் அவ்வளவு மெல்லிசு. இரண்டு விரலால் அழுத்தினால் துளி வளைந்து கொடுக்கும். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் மூலையில் பூச்சு மயிரிழையாகக் கோடு விட்டுவிடும். முதல் வாரமே தட்டுத் தட்டாக ரிஜெக்ட் ஆனது.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எங்கள் தர ஆய்வுப் பொறியாளர். கெட்டிக்காரர்தான், மரியாதையானவரும்கூட. எந்தச் சட்டம் யார் கையிலிருந்து வந்தது என்று கணினியில் போட்டுப் பார்த்தார். கோடு விழுந்த சட்டம் கிட்டத்தட்ட எல்லாமே துடைத்துக் கொடுக்கும் ஆறு பேரிடமிருந்து வந்திருந்தது. ஆறு பேரும் நாற்பது தாண்டியவர்கள். ஆறு பேரும் சிங்காரப்பேட்டைப் பக்கம்.

"ஏனுங்க அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் அவர். "வயசானா கை லேசா நடுங்கும்ங்க. பழைய சட்டம் தாங்குச்சு. இது தாங்காதுங்க."

மேலாளர் அதற்குமேல் யோசிக்கவில்லை. எப்படியும் ஆள் குறைக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். இப்போது காரணமும் கிடைத்துவிட்டது. ஆறு பெயரையும் ஒரு தாளில் அச்சடித்து என்னிடம் நீட்டினார். லைன் லீடர் கையெழுத்துப் போட்டால் மாதக் கடைசியில் அவர்களை அனுப்பிவிடலாம். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்றார்.

அந்த ஆறு பேரில் மூத்தவருக்கு வயது ஐம்பது. காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் களை பறித்தவர். இந்த வேலைக்கு வந்துதான் முதல்முதலாக ஞாயிறு விடுமுறை என்பதைப் பார்த்தேன் என்பார். எனக்கும் நாற்பத்திரண்டு. என் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, படித்துப் பார்த்துப் போடுகிறேன் சார் என்று வந்துவிட்டேன். ஆறு பெயரைப் படிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று அவர் கேட்கவில்லை.

இரண்டு நாள் லைனிலேயே நின்று பார்த்தேன். ஆறு பேரின் கையும் கல்லுப் போல இருந்தது. ஆனாலும் சட்டம் கைமாறும் அந்த ஒரு நொடியில் ஏதோ ஒன்று நடந்தது. கொடுக்கிறவர் விடவில்லை, வாங்குகிறவள் இழுத்தாள். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் கேன்டீனில் சாப்பாடு. மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த மூத்த அக்கா எங்கள் மேசைக்கு வந்தார். ஆனேக்கல் பெண் ஒருத்தி, கல்யாணமாகிப் புதுசாக வேலைக்கு வந்தவள், பதறி எழுந்து வாளியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். பெரியவர் தூக்குவதா என்று அவளுக்குச் சங்கடம்.

"பிடி அக்கா, பிடி," என்றாள்.

அக்கா வாளியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"பிடி அக்கா!"

"பிடிச்சிக்கினுதானே இருக்கறேன்! இன்னும் எப்புடிப் பிடிக்கிறது?"

அவள் இழுக்க, அக்கா இழுக்க, மோர் முழுக்க என் மடியில். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே துடைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

கன்னடத்தில் 'பிடு' என்றால் விடு. பெரியவர்களிடம் மரியாதையாகச் சொல்வதென்றால் 'பிடி', விடுங்கள் என்று அர்த்தம். அந்தப் பெண் "விடுங்க அக்கா" என்றிருக்கிறாள். அக்கா காதில் "பிடி அக்கா" என்று விழுந்திருக்கிறது. கூர்ந்து கேட்டால், அவர்கள் முதல் எழுத்தை 'பஸ்' என்பதில் வருவது போல அழுத்திச் சொல்வது தெரியும். கேன்டீன் இரைச்சலிலேயே அக்காவுக்குத் தெரியவில்லை, முகமூடிக்குள்ளிருந்து, இயந்திரச் சத்தத்துக்கு நடுவில், எவருக்குத் தெரியும்? சின்ன வயதுத் தமிழ்ப் பெண்களிடம் ஆனேக்கல் பெண்கள் 'பிடு' என்றுதான் சொன்னார்கள். அது 'விடு' மாதிரியே கேட்டது, தமிழ்ப் பெண்களும் விட்டுவிட்டார்கள். மரியாதை வயதானவர்களுக்கு மட்டும் போனது. அதனால் கோடும் அவர்கள் சட்டத்தில் மட்டும் விழுந்தது.

எனக்கு இது ஏன் முன்பே கேட்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். நான் ஓசூரில் வளர்ந்தவள். கடையில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், வீட்டில் தமிழ். 'பிடி' என்று கன்னடத்துப் பெண் சொன்னால் என் காது தானாகவே அதை 'விடு' என்று எடுத்துக்கொள்ளும். இரண்டும் தெரிந்ததே எனக்கு வினையாகப் போயிருந்தது.

மோரில் நனைந்த உடையோடு பொறியாளரிடம் ஓடினேன். அவர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, படிவத்துல இயந்திரம், பொருள், ஆள், முறைன்னு நாலு காரணந்தானுங்க இருக்குது. மொழின்னு எழுத இடமே இல்லீங்களே."

"இடம் இல்லன்னா ஓரத்துல எழுதுங்க. எனக்கு ஒரே ஒரு ஷிஃப்ட் குடுங்க. அதுலயும் கோடு விழுந்துச்சுன்னா அந்தத் தாள்ல ஏழாவதா எம் பேரையும் சேத்துக்குங்க."

வாய் முந்திவிட்டது. ஆனாலும் பின்வாங்கவில்லை.

மறுநாள் காலை லைன் தொடங்குமுன் எல்லோரையும் நிற்க வைத்து, இனி எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்ல வேண்டும் என்றேன். எந்த வார்த்தை என்பதில் பெரிய ரகளை. 'விடு' என்றால் கன்னடத்துப் பெண்கள் பெரியவரை அப்படிச் சொல்ல மாட்டோம் என்றார்கள். தெலுங்குக்காரி ஒருத்தி அவள் வார்த்தையைச் சொன்னாள். யார் வாயிலும் நுழையவில்லை. 'ஓகே' என்றால் சட்டம் தேறிவிட்டது என்று ஏற்கெனவே அர்த்தம் இருந்தது. கடைசியில் மோர் வாளிப் பெண்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "தேங்க்ஸ் அந்தா?" தேங்க்ஸ் என்றா, என்று அர்த்தம்.

தேங்க்ஸ்! கையில் வாங்கிக்கொண்டபிறகுதானே அதைச் சொல்வோம்? கேட்டதும் யாருடைய கையும் தானாக விட்டுவிடும். மரியாதைக்கும் குறைவில்லை. எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சுத்த அறை உடையில் இருந்ததால் முதுகில் தட்டியதோடு நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்கு லைன் முழுக்க தேங்க்ஸ், தேங்க்ஸ், தேங்க்ஸ் என்று கல்யாண வாசல் மாதிரி இருந்தது. ஷிஃப்ட் முடிந்தபோது பொறியாளர் தட்டுகளை இரண்டு முறை பார்த்தார். அந்த ஆறு பேர் துடைத்துக் கொடுத்ததில் ஒரு சட்டத்திலும் கோடு இல்லை. அவர் படிவத்தை எடுத்தார். ஓரத்தில் கையாலேயே 'மொழி' என்று எழுதினார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அந்த ஞாயிறு அண்ணன் கடைக்கு நிமிர்ந்தே போனேன். கதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் விடவில்லை. "அதெல்லாம் சரி. அந்தக் கம்பெனி புதுசா ஏதாவது யோசிக்குதா, அதச் சொல்லு."

"அவுங்க யோசிக்கிறாங்களோ இல்லியோ, எனக்குத் தெரியாதுண்ணா. ஒரு வார்த்தைய மாத்திக் கேட்டாலே கோடு விழுற அளவுக்கு மெல்லிசா ஒண்ணு பண்ணியிருக்காங்க. அதைக் கோடு விழாமப் பண்றதுக்கு நாங்க யோசிச்சோம். உங்க கஸ்டமருக்கு அது தெரியலன்னா நான் என்ன பண்றது?"

அண்ணன் ஒரு போனை எடுத்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். அன்றைக்கு டீயோடு வடையும் வந்தது.

ஆனால் மேலாளர் இன்னும் அசையவில்லை. ஒரு நாள் நன்றாக நடந்தது போதாது, பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து ஒப்புக்கொள்ளட்டும், அதுவரை பட்டியல் அப்படியே இருக்கட்டும் என்றார். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கையில் அவர்கள் வந்தார்கள்: வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர், பெங்களூரிலிருந்து ஒருவர். லைனில் தேங்க்ஸ் மழையைக் கேட்டு அந்தப் பெண்மணி நின்றுவிட்டார். இது என்ன என்று கேட்டார். எங்கள் தர ஆய்வுக் குழு கண்டுபிடித்த புது முறை என்று மேலாளர் ஆங்கிலத்தில் நீட்டி முழக்க ஆரம்பித்தார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "நோ மேடம்," என்றேன். என் ஆங்கிலம் அவ்வளவுதான், ஆனாலும் நிறுத்தவில்லை. நான் கண்டுபிடித்தது, இந்தப் பெண் வார்த்தை கொடுத்தது, இவர்கள் ஆறு பேரின் கை நடுங்குகிறது என்று சொல்லி அனுப்பப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் போட்டுச் சொல்லிவிட்டேன். மேலாளரின் முகம் சிவந்தது. பொறியாளர் முன்னால் வந்து, "அக்கா சொல்றது நெசந்தானுங்க சார்," என்றார். பிறகு அதையே நல்ல ஆங்கிலத்தில் அவர்களிடம் சொன்னார்.

மூத்த அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னாடி சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டார். பட்டியலைப் பற்றி அதுவரை அவருக்குத் தெரியாது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கையுறைகளைக் கழற்றினார். இரண்டு கையையும் மேலாளரின் முகத்துக்கு நேரே நீட்டி, விரல்களை விரித்தார். களைக்கொத்து பிடித்துக் காய்த்த கை. லைன் மொத்தமும் நின்று பார்த்தது.

"நல்லாப் பாருங்க சார். ஆடுதா?"

ஆடவில்லை. அவர் கையைக் கீழே போடவுமில்லை. வெளிநாட்டுப் பெண்மணி தன் கையை அதன் பக்கத்தில் நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஆடியது அவர் கைதான். அவர் மேலாளரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மேலாளர் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். சட்டைப் பையிலிருந்த தாளைக் கொடுத்தேன். சுத்த அறைக்குள் காகிதத் தூசு விழக்கூடாது என்று எங்களுக்குத் தினமும் பாடம் எடுக்கும் மனிதர், அங்கேயே நின்று அதை நாலாகக் கிழித்தார்.

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டார். "சரி, நவுருங்க எல்லாரும். சட்டம் குவிஞ்சிக்கினு கெடக்குது," என்றார்.